பஸ் என்ன கலர்?

தொழில் பாடம்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் சேர்த்தல்

இந்தப் பாடத்தை இரண்டு மாதமாக எழுதாமல் தள்ளிப் போட்டு வந்தோம். ஏனென்றால் எங்கள் தவறைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்கணும்.

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் மூத்த உறுப்பினர்களுக்குப் புடவை, எவர்சில்வர் டப்பா என்று கொடுப்பது வழக்கம். போன விழாவில் புதுசா ஏதாவது செய்யலாம் என்று நினைத்தோம். எட்டுப் பேர் வீட்டிலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை வாங்கி, செல்போன் செயலியில் கலராக மாற்றி, பிரேம் போட்டு மேடையில் கொடுத்தோம். ஏழு பேருக்கு ரொம்ப சந்தோஷம். எட்டாவது, எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிற நம் உறுப்பினர். அவர் வீட்டுக்காரர் மெட்ராஸில் சிட்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். படத்தில் அவர் பஸ் படிக்கட்டில் ஒரு கால் வைத்து நிற்கிறார். தோளில் தோல் பை, கையில் டிக்கெட் கட்டு, கழுத்தில் விசில். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. ஆயாவிடம் இருக்கிற ஒரே படம் அதுதான்.

செயலி அந்த பஸ்ஸை நீலமும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு நிறமாக ஆக்கியிருந்தது. காக்கிச் சட்டை வெளிர் நீலமாகி இருந்தது. முகமும் கையும் மாவு பூசின மாதிரி வெளுத்திருந்தது. எங்களுக்கு அப்போது அது தப்பாகவே தெரியவில்லை, பளிச்சென்று இருக்கிறதே என்றுதான் நினைத்தோம். ஆயா மேடையில் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். கீழே இறங்கி வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருக்கு கண்ணு. ஆனா இவரு எங்க வீட்டுக்காரரு இல்லையே."

அதோடு போகவில்லை. படத்தில் அழுக்கு இருக்கிறது என்று செயலியில் ஏற்றும் முன் ஈரத்துணியால் துடைத்திருந்தோம். கீழ் மூலையில் மேல்தோல் உரிந்து வந்துவிட்டது. பஸ்ஸின் நம்பர் பிளேட் இருந்த இடம் அது. ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆயா அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் குழுவில் இரண்டு பேர், ஊரில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருப்பவர்கள், கூட்டமைப்பில் கடன் கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர், ஸ்கேனர், கலர் பிரிண்டர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். பழைய படங்களுக்குக் கலர் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்யப் போகிறோம் என்றார்கள். எங்கள் கையாலேயே ஒரு படத்தைக் கெடுத்துவிட்டு, இன்னொருவர் கடனுக்கு எப்படிப் பரிந்துரை எழுதுவது? முதலில் இந்தத் தொழிலை நேரில் பார்ப்போம் என்று அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினோம். ஆயாவும், "நானும் வரேன், மந்தைவெளியில பத்து வருசம் குடியிருந்தவ நானு" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். பாடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் இந்தப் பாதையில் மின்சார ரயில் வந்தது 1931-ல். அப்போது அது மீட்டர் கேஜ், அதாவது சின்னப் பாதை. அந்தச் சின்ன ரயில் 2004 வரை ஓடியது. எங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூட வயதில் அதில் போயிருக்கிறோம். பெட்டி என்ன கலர் என்று பேச்சு வந்தது. ஒருவர் மஞ்சளும் பிரவுனும் என்றார். இன்னொருவர் பச்சையும் கிரீமும் என்றார். இரண்டு பேருமே சத்தியம் செய்யாத குறை. இருபது சொச்சம் வருஷத்துக்கு முந்தி கண்ணால் பார்த்ததற்கே இந்தக் கதி.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன போட்டோ கடை. நடத்துகிறவர் அந்தப் பகுதி சுய உதவிக் குழுவில் இருக்கிற ஒரு தங்கை. கடையை ஆரம்பித்தவர் அவருடைய மாமனார், பழைய ஸ்டூடியோக்காரர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது மருமகள் கம்ப்யூட்டரில் உட்கார, பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்கிறார். (அந்தத் தங்கையே சிரித்துக்கொண்டு சொன்னது இது.) பழைய பஸ், ரயில், டிராம் படங்களைச் சேர்க்கும் சிலர் அந்தக் கடைக்குத் தொடர்ந்து படம் கொண்டு வருகிறார்களாம்.

ஆயா தன் படத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் முதலில் உரிந்த மூலையைத்தான் பார்த்தார். "யாரு தண்ணி வெச்சது?" என்றார். நாங்கள் கையைத் தூக்கினோம்.

அவர் விளக்கினது இது. போட்டோ பேப்பர் மேல் ஜெலட்டின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. உருவம் அந்தப் படலத்துக்குள்தான் நுண்ணிய வெள்ளித் துகள்களாகப் படிந்திருக்கிறது. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பும், பிசுபிசுக்கும். அப்போது தேய்த்தால் உருவத்தோடு கையில் வந்துவிடும். தூசியைக் காய்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். படம் பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது, கண்ணாடியோடு வைத்து ஸ்கேன் எடுக்கணும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டக்கூடாது, பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்றுவிடும். ஸ்கேன் எடுத்த பிறகு கிழிசல், கோடு, கறை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். கலர் போடுவதும் அந்த நகலில்தான். ஒரிஜினலைத் தொடுகிற வேலையே இல்லை.

சரி, பஸ் என்ன கலர்? கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதுதான் உண்மை. கறுப்பு வெள்ளை பிலிம், வெளிச்சம் எவ்வளவு வந்தது என்பதை மட்டும்தான் பிடித்து வைக்கும். எந்த நிறத்திலிருந்து வந்தது என்பதை வைக்காது. இதை உங்கள் குழுக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு சிவப்புப் புடவை, ஒரு பச்சைப் புடவை, ஒரு காக்கித் துணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, செல்போன் கேமராவில் கறுப்பு வெள்ளை என்று மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரே அளவு அடர்த்தியான சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தப் படத்தை மட்டும் பக்கத்துக் குழுவுக்கு அனுப்பி எது சிவப்பு என்று கேளுங்கள். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். செயலி செய்வதும் இந்த மாதிரி ஊகம்தான். லட்சக்கணக்கான கலர் படங்களைக் காட்டி அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். புல் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம், இதெல்லாம் சரியாக வரும். பஸ்ஸோ புடவையோ எந்த நிறத்திலும் இருக்கலாம். அதனால் இரண்டுங்கெட்டான் நிறமாக ஏதோ ஒன்றைப் பூசிவிட்டுப் போய்விடும். எங்கள் பஸ் சாம்பல் நீலமானது இப்படித்தான்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இருட்டறையில் வேலை செய்யும்போது சிவப்பு பல்பு போட்டுக்கொள்வார்கள். ஏனென்றால் கறுப்பு வெள்ளைப் பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. 1920-கள் வரை பரவலாக இருந்த பிலிமும் கண்ணாடித் தட்டும்கூட இப்படிச் சிவப்பு தெரியாதவைதான். அதில் எடுத்தால் நல்ல சிவப்பு வண்டி கிட்டத்தட்ட கறுப்பாக விழும். ஆகவே ரொம்பப் பழைய குதிரை வண்டியோ டிராமோ படத்தில் கறுப்பாக இருந்தால், அது கறுப்பு வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

டிராம் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. ரோட்டிலேயே தண்டவாளம் போட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டி. மெட்ராஸில் 1895-ல் தொடங்கி 1953-ல் நின்றது. மயிலாப்பூருக்கும் வந்தது. அதற்கும் முந்தின காலத்துக்குக் குதிரை வண்டிதான். மவுண்ட் ரோடில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியின் முதல் தொழிலே குதிரைக் கோச்சு வண்டி கட்டுவது. பிற்பாடு அதே கம்பெனியில் 1903-ல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார்கள். இந்த மாதிரி வண்டிகளின் படங்களெல்லாம் அந்தத் தங்கையின் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தன.

அதில் ஒரு பஸ் படம். பின்பக்கம் உயரமான டிரம் ஒன்று கட்டியிருந்தது. நம் உறுப்பினர் ஒருவர் தண்ணீர் டிரம் என்றார். சோதனைக்காகச் செயலியில் போட்டுப் பார்த்தபோது அதுவும் அப்படியே நினைத்ததோ என்னவோ, இந்தக் காலத்து பிளாஸ்டிக் டிரம் மாதிரி பளீர் நீலத்தில் பூசிவிட்டது. பெரியவர் சிரித்தார். அது கரி கேஸ் பஸ். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அந்த டிரம்மில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். நம் தமிழ்நாட்டு ரோடுகளில் நிறைய ஓடியது. அப்படியென்றால் அந்த டிரம் என்ன நிறம்? கரியும் துருவும் ஏறின இரும்பு. பொருள் இன்னது என்று தெரிந்தால் நிறம் பாதி தெரிந்த மாதிரி.

மீதிப் பாதிக்குத் தேதி வேணும். எந்த வருஷத்துப் படம் என்று தெரியாமல் வண்டிக்குக் கலர் போடவே கூடாது என்பது அந்தத் தங்கையின் முதல் சட்டம். காரணம், வண்டிகளின் கலரை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். ரயில் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அப்போதிருந்து பல பத்தாண்டுகள் நம் ஊர் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் பொதுவாகச் செங்கல் சிவப்புதான். 1990-களில்தான் நீலத்துக்கு மாறின. நம் வயதுக்காரர்களுக்கு ரயில் என்றாலே நீலம்தான் மனதில் வரும். அதை 1965-ஆம் வருஷத்துப் படத்தில் பூசினால் தப்பு.

தேதியைக் கண்டுபிடிக்க அவர் பார்க்கிற இடங்கள் சுவையானவை. பஸ் பக்கவாட்டில் பல்லவன் என்று எழுதியிருந்தால் 1972-க்கு முன்னால் இருக்க முடியாது, அந்தக் கழகம் வந்ததே அந்த வருஷம்தான். தமிழ்நாடு என்று மாநிலப் பெயர் இருந்தால் 1969-க்குப் பிந்தையதாக இருக்கணும், அதற்கு முன் சென்னை மாநிலம். கட்டணப் பலகையில் அணா இருந்தால் 1957-க்கு முந்தைய கணக்கு. நம்பர் பிளேட்டில் டி.என். 01 என்கிற மாதிரி மாநில எழுத்தும் அலுவலக எண்ணும் சேர்ந்து வந்தால் 1989-க்குப் பிறகு. பலகையில் லை, னை, ணை போன்ற எழுத்துகளுக்குத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்த பழைய கொம்பு இருக்கிறதா என்றும் பார்ப்பாராம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் இப்போது நாம் எழுதுகிற வடிவம் அரசு எழுத்தானது. ஆனா பெயிண்டர்கள் கை பழக்கத்தில் அதற்குப் பிறகும் தும்பிக்கை போட்டிருக்கலாம். அதனால் இதை மட்டும் நம்ப முடியாது.

ஆயாவின் படத்தில் நம்பர் பிளேட்டைத்தான் நாங்கள் உரித்துவிட்டோமே. நல்ல வேளையாக மற்றவை இருந்தன. பக்கவாட்டில் பல்லவன் என்பது பாதி தெரிந்தது. முன் பலகையில் பாரிமுனை என்று இருந்தது, னை தும்பிக்கையோடு. ஆயா உடனே, "பெரியவன் பொறந்து தொட்டில் போட்ட மாசம் எடுத்தது" என்றார். பெரிய பையன் பிறந்தது 1973. கணக்கு ஒத்துப்போனது.

"பஸ்ஸு செவப்புதான். எனக்குத் தெரியாதா?" என்றார் ஆயா. ஆனா மாம்பலத்தில் எங்கள் இரண்டு பேர் சண்டை ஞாபகம் வந்தது. ஒருவர் சொன்னால் போதாது, மூன்று இடத்திலாவது கேட்கணும். அந்தக் காலத்துக் கலர் சினிமாவில் தெருக் காட்சி வந்தால் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. தமிழில் முதல் முழுநீளக் கலர் படம் அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-ல் வந்தது, அதற்குப் பிறகு நிறைய வந்திருக்கின்றன. ஆனா சினிமா பிலிமும் காலப்போக்கில் வெளுத்துச் சிவந்து போகும் என்பதால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு வழி, அந்த வண்டியில் வேலை செய்தவர்களைத் தேடுவது. அந்தத் தங்கைக்கு அடையாறில் ஒரு பெரியவரைத் தெரியும். பஸ் பாடிக்கு பெயிண்ட் அடித்தே ஆயுளைக் கழித்தவர். மதியம் அங்கே போனோம்.

அவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு என்று அவரும் சொன்னார். ஆனா எந்தச் சிவப்பு என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். ஷெட்டை விட்டு வெளியே வருகிற வண்டிச் சிவப்பு வேறு, மூன்று வருஷம் வெயிலில் ஓடின வண்டிச் சிவப்பு வேறு. இந்த வண்டியின் ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, மட்கார்டில் சேறு அப்பியிருக்கிறது, இதற்குப் போய்ப் பளபளவென்று சிவப்பு பூசினால் கல்யாண வண்டி மாதிரி ஆகிவிடும் என்றார். ஜன்னலுக்கு மேலே இருக்கிற வெளிர்ப் பட்டை வெள்ளை என்று ஆயா சொன்னார், இவர் சந்தனக் கலர் என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயிலில் அது வெள்ளையாகத்தான் தெரியும் என்று அவர் சொன்ன பிறகு ஆயா, "அப்படின்னா சந்தனமே போடு" என்று பெரிய மனது பண்ணினார்.

மாலை மறுபடியும் மயிலாப்பூர். கலர் போடும் வேலையைப் பார்த்தோம். அதற்கு முன் பெரியவர் தன் பழைய பெட்டியைத் திறந்து கையால் கலர் போட்ட படங்களைக் காட்டினார். மினுமினுப்பில்லாத பேப்பரில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஆயில் கலரை, குச்சியில் சுற்றின பஞ்சால் மெதுவாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுப்பார்களாம். கலர் மெல்லிசாக இருப்பதால் அடியில் இருக்கிற நிழலும் மடிப்பும் அப்படியே தெரியும். வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கினால் மடிப்பு மறைவதில்லை இல்லையா, அந்த மாதிரி.

இது உலகம் முழுக்க இருந்த தொழில். பெண்கள் நிறையப் பேர் இதில் இருந்திருக்கிறார்கள். 1900 வாக்கில் பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணி, சினிமா பிலிமில் ஒவ்வொரு கட்டமாகக் கையால் கலர் போடும் பட்டறை நடத்தினார். 220 பேர் அங்கே வேலை செய்ததாக அவரே 1929-ல் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரே ஒரு கலர்தான். ஒருத்தி சிவப்பு முடித்துக் கொடுத்தால் அடுத்தவள் பச்சை போடுவாள். எந்த இடத்துக்கு எந்தக் கலர் என்று பார்த்துத் தேர்வது அந்த அம்மா ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை.

கம்ப்யூட்டரிலும் முறை அதேதான். கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்கேன் செய்த படத்தின் மேல் லேயர் என்ற வெறும் தாளை வைத்து, அதைக் கலர் என்ற முறைக்கு மாற்றி, அதில் பூசணும். அடியில் இருக்கிற வெளிச்சமும் நிழலும் மாறாது, நிறம் மட்டும் ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி லேயர். பஸ்ஸுக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. அப்போதுதான் ஒன்று தப்பானால் அதை மட்டும் மாற்ற முடியும். இங்கே ஒரு நல்ல சோதனையும் இருக்கிறது. சாம்பல் அடர்த்தி, சரியான நிறம் எது என்று சொல்லாதே தவிர, எது இல்லை என்று சொல்லிவிடும். படத்தில் அடர்ந்த சாம்பலாக இருக்கிற பட்டை சந்தனக் கலராக இருக்க முடியாது. பூசின நிறம் எப்படிப் பார்த்தாலும் ஒட்டாமல் அழுக்காகத் தெரிந்தால், நம் தகவல் தப்போ என்று திரும்பப் போய்க் கேட்கணும்.

முகம் வந்தபோது அந்தத் தங்கை எங்களைப் பார்த்தார். "மேடம், நிறைய செயலி நம்ம ஆளுங்களை வெளுப்பாக்கிடும்" என்றார். பெரியவர் இடையில், நாங்களும் அந்தக் காலத்தில் அதைத்தான் செய்தோம் என்று ஒத்துக்கொண்டார். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் போட்டு முகத்தை வெளுப்பாக்கினால்தான் பெண் பார்க்கிற படத்துக்கு வாடிக்கையாளர் வருவார்களாம். அது ஸ்டூடியோக்காரர் செய்தாலும் செயலி செய்தாலும் ஒரே வேலைதான் என்பது எங்கள் எண்ணம். ஆயாவின் பெரிய மகன் அப்பா ஜாடை, அதே நிறம் என்றார்கள். போனில் அவருடைய படத்தை வரவழைத்து, அதிலிருந்து நிறம் எடுத்து வைத்தார் அந்தத் தங்கை. வெயிலில் நிற்கிற மனிதனின் நெற்றியில் ஒரு நிறம், கன்னத்து நிழலில் ஒரு நிறம் என்று நாலு விதமாகப் பூசினார். அப்போதுதான் ஆயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காக்கி போட்டாயிற்று. தோல் பைக்குப் பழுப்பு. விசில் கயிற்றுக்குக் கறுப்பு போட அந்தத் தங்கை கையை வைத்தார். "இரு இரு, அது பச்சை" என்றார் ஆயா. எங்களுக்கு ஆச்சரியம். ஆபீஸில் கொடுத்த கயிறு அறுந்துபோய், தன்னுடைய பழைய பச்சைப் புடவைக் கரையைக் கிழித்து ஆயாவே பின்னிக் கொடுத்ததாம். மேலதிகாரி ஒருவர் சத்தம் போட்டும் அவர் அதைக் கழற்றவில்லையாம். அந்தக் கயிற்றின் கலர் சினிமாவிலோ பெயிண்டரிடமோ கிடைத்திருக்குமா?

இனி பண விஷயம். பஸ்ஸும் ஆளும் இருக்கிற படத்துக்கு ஸ்கேன், கிழிசல் சரி செய்வது, கலர் எல்லாம் சேர்த்து நன்றாகச் செய்தால் ஐந்து மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். விசாரிக்கிற நேரம் தனி. 300 ரூபாய் வாங்கினால் மணிக்கு 60 ரூபாய். அதில் கரண்ட், பேப்பர், இங்க், கடன் தவணை எல்லாம் போகணும். செல்போனில் ஒரு நிமிஷத்தில் இலவசமாகக் கலர் வருகிற காலத்தில் வாடிக்கையாளர் அதற்கு மேல் கொடுக்கத் தயங்குவார். 1960-ல் வந்த முகலே ஆசம் 2004-லும், 1957-ல் வந்த தெலுங்கு மாயாபஜார் 2010-லும் முழுக் கலராக வெளியானதே என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதெல்லாம் பெரிய குழுவும் பெரிய முதலீடும் வைத்துச் செய்தது, நாம் அதோடு ஒப்பிட முடியாது. அந்தத் தங்கையும் மறைக்காமல் சொன்னார்: கடைக்கு வாடகை கொடுப்பது பாஸ்போர்ட் சைஸ் படமும், கிழிந்த படத்தைச் சரி செய்து பெரிதாக்கிக் கொடுப்பதும்தான். கலர் வேலை மாதத்துக்கு நாலைந்து வரும், வந்தால் லாபம்.

அதனால் 60,000 ரூபாய்க்கு நாங்கள் பரிந்துரை எழுதவில்லை. உறுப்பினர்களுக்கு வருத்தம்தான், ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டிப் பேசினோம். கடையில் ஏற்கெனவே இருக்கிற கம்ப்யூட்டரே கிம்ப்புக்குப் போதும், பிரிண்ட் வெளியில் போடலாம், இப்போதைக்கு ஒரு நல்ல ஸ்கேனர் மட்டும் வாங்கலாம் என்று அவர்களே கடைசியில் சொன்னார்கள். 12,000 ரூபாய் உள்கடன் தீர்மானமாகி, பத்துத் தவணை எழுதியிருக்கிறது. முதல் ஆறு மாதம் ஸ்கேனும் கிழிசல் வேலையும். கலர் பழகும்வரை அதற்குக் காசு வாங்குவதில்லை என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது.

வேலை செய்கிறவர்கள் கவனிக்க இன்னும் சில. ஸ்கேன் எடுக்கும்போது 600 என்ற அளவில் வைத்து, கலர் போடாத நகல் ஒன்றைத் தனியாகச் சேமித்து உரியவருக்கும் கொடுங்கள். கலர் படத்தின் பின்னால் "வண்ணம் பின்னர் சேர்த்தது" என்றும், யார் சொன்ன தகவல் என்றும், தேதியும் எழுதுங்கள். இல்லையென்றால் நாளைக்குப் பேரப் பிள்ளைகள் அதுதான் ஒரிஜினல் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் வீட்டுப் படத்தைக் கேட்காமல் செயலியில் ஏற்றாதீர்கள், அது எங்கெங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. இறந்தவர் படம் என்றால் இன்னும் கவனம். கணவரை இழந்த அம்மாவின் வெள்ளைப் புடவையை அழகுக்காகச் சிவப்பாக்கி, பொட்டும் வைத்துக் கொடுத்த ஒரு கடையைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அந்த வீட்டில் அண்ணன் தங்கை பேசிக்கொள்வதில்லையாம். அந்த அம்மாவுக்கு எது வேணும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து மயிலாப்பூரிலிருந்து ஆயாவின் படம் தபாலில் வந்தது. ஒரு கலர் பிரதி, மூலை சரி செய்த ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் எண் எதையும் கற்பனையாக எழுதாமல் மங்கலாக விட்டிருந்தார்கள். ஆயா கலர் படத்தை வெளிச்சத்துக்கு நேராக வெகுநேரம் பிடித்திருந்தார். "சட்டை மேல் பட்டனை எப்பவும் போடவே மாட்டாரு பாரு" என்றார். பிறகு அதைப் பெரிய மகனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "அவனுக்கு அப்பாவை அவ்வளவா ஞாபகம் இல்ல கண்ணு. அவன் வெச்சுக்கட்டும்."

ஸ்கேனர் வாங்கிய உறுப்பினர்கள் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருப்பார்கள். உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால் துடைக்காமல், பிரேமைப் பிரிக்காமல், பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.